தொண்டை நாட்டு நகையும் ‘காதலிக்க நேரமில்லை’யும்

முன்னுரை

மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதற்கண் வைத்து ஓதினார் தொல்காப்பியர். அழுகை அதன்பின் வைக்கப்பட்டது. ஆயினும் பிற்கால ஆராய்ச்சியில் இம்முறை மாறிவிட்டது. அவலச்சுவை மிக்க காப்பியப் பகுதிகளுக்கு உரையும் விளக்கமும் பெருகியுள்ள அளவுக்கு, நகைச்சுவைக்கு அவை பெருகவில்லை. நகை எளிது என்றும், எளியது ஆராயத்தக்கதன்று என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. திரைப்படத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் இன்னும் வலியது. கண்ணீர் வருவிக்கும் படத்தைக் கலை என்று கொள்ளும் அறிஞரும், சிரிப்பு வருவிக்கும் படத்தைப் பொழுதுபோக்கு என்று கூறி அமைதல் உண்டு.

மக்களோ இதற்கு மாறாக நடந்துகொள்கின்றனர். 1964-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் படத்தை அவர்கள் இன்றும் விருப்புடன் நினைவுகூர்கின்றனர். 2014-இல் அதற்குப் பொன்விழா ஆண்டு. 2024-இல் அறுபது ஆண்டுகள் நிறைந்தன. இந்நீண்ட காலத்தில் எத்தனையோ படங்கள் வந்து மறைந்தன. இப்படம் மட்டும் தந்தை சொல்ல மகனும், மகன் சொல்லப் பேரனும் அறியும் ஒன்றாக நிலைத்தது யாது காரணம் பற்றி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்படத்தை ஆக்கிய இருவர் செங்கற்பட்டு மண்ணோடு தொடர்புடையவர். ஆதலின், அம்மண்ணிலும் அதனை அடுத்த மாமல்லைக் கடற்கரையிலும் முன்பு தோன்றிய நகைப் படைப்புகள் சிலவற்றோடு இப்படத்தை ஒப்புநோக்குவதும் ஈண்டு மேற்கொள்ளப்படுகிறது.

படமும் ஆக்கியோரும்

இயக்குநர் சி. வி. ஸ்ரீதர் மதுராந்தக வட்டாரத்தில் 1933-இல் பிறந்தவர். செங்கற்பட்டில் அவருக்குப் பள்ளித் தோழராக வாய்த்தவர் சடகோபன். பின்னாளில் ‘சித்ராலயா’ கோபு எனப் பெயர் பெற்ற எழுத்தாளர் இவரே. ஸ்ரீதர் எழுதிய ‘இரத்த பாசம்’ என்னும் நாடகத்தை டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்தனர், அது 1954-இல் திரைப்படமாகவும் வந்தது. 1959-இல் வெளிவந்த ‘கல்யாணப் பரிசு’ அவரை இயக்குநராக நிலைநிறுத்தியது. 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, 1963-இல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ ஆகியன தொடர்ந்தன. இவை யாவும் துயரச் சார்புடையன. ‘கல்யாணப் பரிசி’ல் தங்கவேலு நடித்த நகைப்பகுதி மிகுந்த புகழ் பெற்றது எனினும், அது முதன்மைக் கதையின் துயரத்துக்கு இடையிடையே அமைந்த ஆறுதலேயாகும்.

அத்தகைய இயக்குநர், தம் சொந்த நிறுவனமாகிய சித்ராலயாவின் சார்பில், முழுதும் நகையாலாகிய ஒரு படத்தை எடுக்கத் துணிந்தார். கதையமைப்பில் கோபு துணைநின்றார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்தனர். கண்ணதாசன் பாடல் இயற்றினார். ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார். டி. எஸ். பாலையா, முத்துராமன், நாகேஷ், ராஜஸ்ரீ, சச்சு, வி. எஸ். ராகவன் ஆகியோருடன் ரவிச்சந்திரன் என்னும் புதுமுக நடிகரும், விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்த காஞ்சனாவும் இதில் நடித்தனர்.

தமிழில் இது முதல் நகைச்சுவைப் படம் என்று கூறுதல் பொருந்தாது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய ‘சபாபதி’ 1941-இலேயே வெளிவந்தது. ‘மிஸ்ஸியம்மா’ 1955-இலும், ‘அடுத்த வீட்டுப் பெண்’ 1960-இலும் வந்தன. ஆயினும் பெரும்பாலான படங்களில் நகைப்பகுதி தனியே எழுதப்பட்டு, தனியே எடுக்கப்பட்டு, முதன்மைக் கதையினுள் செருகப்படுவதே வழக்கமாக இருந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகிய இருவரின் அரிய பகுதிகள் பல அவ்வாறு அமைந்தவையே. ‘காதலிக்க நேரமில்லை’யில் செருகல் இல்லை. நகைப்பகுதியை நீக்கினால் எஞ்சுவதற்குக் கதையே இராது.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். தமிழில் முழுநீள வண்ணப்படம் 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்பதோடு தொடங்கியது. 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1964-இன் தொடக்கத்தில் ‘கர்ணன்’ என, வண்ணம் பெரும்பாலும் அரசர்க்கும் இதிகாச மாந்தர்க்கும் உரியதாகக் கருதப்பட்டது. அவ்வண்ணத்தை மலைத்தோட்டத்து வீட்டுக்கும், பழைய மோட்டார் வண்டிக்கும், இளைஞர் உடுத்தும் சட்டைக்கும் உரியதாக்கியது இப்படம். தம்மைப் போன்றோர் வாழும் உலகையே வண்ணத்தில் காணும் வாய்ப்பு அன்றைய மக்களுக்குக் கிட்டியது. முதன்முறை கண்டோர் அதனை மறவாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். ஆயினும் முதன்மைக் காரணம் இஃதன்று என்பது பின்னர் விளங்கும்.

கதைச் சுருக்கம்

சின்னமலைத் தோட்டத்தின் உரிமையாளர் விஸ்வநாதன் பெரும் பொருள் படைத்தவர். பொருளையே அளவுகோலாகக் கொண்டவர். அவருக்குக் காஞ்சனா, நிர்மலா என்னும் பெண்கள் இருவர்; செல்லப்பா என்னும் மகன் ஒருவன். மகனுக்குத் திரைப்படம் எடுக்கும் வேட்கை. அதற்கென ‘ஓகோ புரொடக்சன்ஸ்’ என்னும் நிறுவனத்தைப் பெயரளவில் தொடங்கிவிட்டான். முதல் வேண்டுமெனில் தந்தையிடமே பெறுதல் வேண்டும். தோட்ட அலுவலரின் மகள் மீனாட்சியைத் தன் படத்தின் தலைவியாக்குவதாக வாக்களித்து அவளை நாடி வருகிறான்.

படிப்பு முடிந்து வீடு திரும்பும் பெண்களின் குறும்பால், தோட்டத்தில் பணிபுரியும் அசோகன் வேலையிழக்கிறான். அவன் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுகிறான். பூசல் காதலாகிறது. ஏழை ஆசிரியரின் மகனுக்குப் பெண் கொடுக்க விஸ்வநாதன் இசையார் என்பது தெளிவு. ஆகவே அசோகன் தன் நண்பன் வாசுவைத் துணைக்கு அழைத்து, அவனைச் செல்வம் மிக்க முதியவராக வேடம் புனையச் செய்து, தன் தந்தை எனக் காட்டுகிறான். அவ்வாசுவோ காஞ்சனாவின் காதலன். தன் காதலியின் வீட்டிலேயே முதியவராக அவன் தங்க நேர்கிறது. மெய்யான தந்தையர் தோன்றும்போது சிக்கல் முறுகுகிறது. ஈற்றில் வேடம் வெளிப்பட்டு, மணங்கள் கைகூடுகின்றன.

இக்கதையில் கொடியோர் என ஒருவரும் இல்லை. கொலை இல்லை; கடத்தல் இல்லை; சூழ்ச்சி செய்யும் உறவினர் இல்லை. ஒருவர் நெஞ்சில் உள்ள பொருளாசை ஒன்றே கதைக்குத் தடையாக நிற்கிறது.

நினைவில் நிற்பவை

ஆண்டு நிறைவின்போது இப்படத்தைப் பற்றி நாளிதழ்களிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசப்படுவனவற்றையும், இல்லங்களில் முதியோர் கூறக் கேட்பனவற்றையும் தொகுத்து நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். படத்தின் பெயர் காதலைக் குறிக்கிறது. காதலர் இணையோ மூன்று. ஆயினும் மக்கள் முதலில் எடுத்துரைப்பது காதற்காட்சியை அன்று. செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க்கதை கூறும் காட்சியே முதலில் வருகிறது. அடுத்து ‘ஓகோ’ என்னும் நிறுவனப் பெயர். அதன்பின் வேலை கேட்டுப் போராடும் பாடல். அதன்பின் வாசுவின் முதியவர் வேடம். காதற்பாடல்கள் இசையால் நினைவில் உள்ளன. காட்சியால் நினைவில் உள்ளவை இந்நான்குமே.

இந்நான்கனுக்கும் பொதுவாக அமைந்த ஒன்று உண்டு. நான்கும் விஸ்வநாதன் என்னும் தந்தையைச் சுற்றியே நிகழ்கின்றன. பேய்க்கதையைக் கேட்பவர் அவர். ‘ஓகோ’வுக்குப் பொருள் தர மறுப்பவர் அவர். வேலை கேட்கப்படுவது அவரிடம். வேடத்தால் ஏமாற்றப்படுபவரும் அவரே. எனவே, மக்கள் நினைவில் இப்படம் காதற்கதையாக அன்றி, தந்தையின் கதையாகவே நிற்கிறது என்பது பெறப்படும்.

இந்நினைவு நிலவும் முறையும் கருதத்தக்கது. மக்கள் கதையைச் சுருக்கிக் கூறுவதில்லை, நடித்தே காட்டுகின்றனர். குரலை மாற்றி, விழியை உருட்டி, வாயால் ஓசை எழுப்பி ஒருவர் செல்லப்பாவாக, எதிரில் இருப்பவர் தாமாகவே பாலையாவாகிறார். எழுத்தால் அன்றி வாய்மொழியாலும் மெய்ப்பாட்டாலும் ஒரு பகுதி கைம்மாறி வருகிறது. நாட்டார் வழக்காற்றில் கதைப்பாட்டும் விடுகதையும் கைம்மாறும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை.

நகையின் நான்கு நிலைக்களங்கள்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களம் என்பது தொல்காப்பியர் கொள்கை. இப்படத்தின் மாந்தரை இந்நான்கனோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

இளமை, அசோகனிடத்தும் பெண்கள் இருவரிடத்தும் காணப்படுகிறது. பெண்கள் செய்யும் குறும்பால் ஒருவன் வேலையே போகிறது. எனினும் அவன் அதனைப் பகையாகக் கொள்வதில்லை. விளையாட்டை விளையாட்டாலேயே எதிர்கொள்கிறான். உணவுக்கே வழியற்ற நிலையை இவ்வாறு விளையாட்டாக ஏற்றல் இளமைக்கே இயல்வது.

எள்ளல் இருவகைப்படும்: மேலோர் கீழோரை எள்ளுதல், கீழோர் மேலோரை எள்ளுதல். நம் திரைப்படங்களில் உடற்குறையையும் வறுமையையும் தொழிலையும் எள்ளி விளைந்த நகை மிகுதி. இப்படத்திலோ எள்ளலின் முதன்மைப் போக்கு கீழிருந்து மேல்நோக்கியதாக உள்ளது. பணியாள் முதலாளியை எள்ளுகிறான். மகன் தந்தையை எள்ளுகிறான். வேடம் புனைந்தவன் செல்வச் செருக்கை எள்ளுகிறான்.

பேதைமை செல்லப்பாவுக்கு உரியது. படம் எடுக்கும் கலையில் ஒன்றும் அறியாதவன் படமுதலாளியாகத் தன்னை எண்ணிக்கொள்கிறான். இல்லாத நிறுவனத்துக்குப் பெயர் உண்டு. எடுக்காத படத்துக்குத் தலைவி உண்டு. ஆயின் இவனிடம் வஞ்சகம் சிறிதும் இல்லை. தன் கனவைத் தானே முழுதும் நம்புகிறான். அந்நம்பிக்கையால் நாம் அவனைக் கண்டு நகைக்கும்போதே அவன்பால் அன்பும் கொள்கிறோம்.

மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று பொருள் கூறும் உரைமரபு உண்டு. விஸ்வநாதனுக்கு இது முற்றும் பொருந்தும். அசோகன் பெருஞ்செல்வரின் மகன் என்று ஒருமுறை கொளுத்தப்பட்டபின், எதிரே காணும் ஐயங்கள் எவையும் அவர் உள்ளத்தில் ஏறவில்லை. அவர் அறிவிலி அல்லர். தோட்டத்தைக் கட்டியாளும் திறனுடையவர். பொருளாசை ஒன்றே அவரது அறிவின் கண்ணை மறைக்கிறது.

நான்கு நிலைக்களங்களும் நான்கு வகை மாந்தரிடம் பகிர்ந்து வைக்கப்பட்டிருத்தல் இப்படத்தின் கட்டமைப்புச் சிறப்பாகும். ஒருவகை நகையே நீடித்தால் கேட்போர்க்குச் சலிப்பு உண்டாகும். இங்கோ ஒரு காட்சி இளமையால் நகை விளைத்தால், அடுத்தது மடனால் விளைக்கிறது. ஆசிரியர் இலக்கணம் நோக்கி அமைத்தார் என்பது கருத்தன்று. நல்ல நகை எங்குத் தோன்றினும் இந்நான்கனுள் அடங்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கதை கூறும் காட்சி

மக்கள் நினைவில் முதலிடம் பெற்ற காட்சியைச் சற்று விரிவாகக் காண்போம். முதல் வேண்டி நிற்கும் மகனிடம், எடுக்கவிருக்கும் படத்தின் கதை யாது என்று தந்தை வினவுகிறார். மகன் சொல்லத் தொடங்குகிறான். பேயுருவம் ஒன்றும் திரையில் தோன்றவில்லை. தந்திரக் காட்சி இல்லை. இருவர் முகமும், ஒருவன் குரலும், அவன் வாயால் எழுப்பும் ஓசைகளுமே கருவிகள். முதலில் கணக்குப் பார்க்கும் முதலாளியாக அமர்ந்திருந்த தந்தை, கதை வளர வளர அச்சத்தால் ஒடுங்கி, ஈற்றில் இருளைக் கண்டு அஞ்சும் சிறுவனாகிறார்.

இங்கு நகையோடு அச்சம் என்னும் மெய்ப்பாடும் விரவுகிறது. அச்சத்துக்குரிய நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. குடும்ப முறையில் நோக்கின், மகனுக்குத் தந்தையே இறை. எனவே அஞ்சவேண்டியவன் மகன், அஞ்சப்படவேண்டியவர் தந்தை. காட்சி தொடங்கும்போது முறை அவ்வாறே உள்ளது. பொருள் கேட்டு நிற்பவன் மகன். கொடுப்பதும் மறுப்பதும் தந்தை கையில். சொல் என்னும் ஒரே கருவியால் மகன் அணங்கை அங்கு வருவிக்கிறான். அணங்கின்முன் இறை அஞ்சுகிறார். அச்சத்தின் ஒரு நிலைக்களம் மற்றொரு நிலைக்களத்தை வென்றுவிடுகிறது. நகை பிறக்கும் இடம் அதுவே.

இக்காட்சியின் வெற்றியில் பாதி கதை கூறும் நாகேஷுக்கும், பாதி கேட்கும் பாலையாவுக்கும் உரியது. 1936-இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி, நெடுங்காலம் கொடியோர் வேடங்களில் பெயர் பெற்றவர் பாலையா. அச்சுறுத்தியே பழகிய முகம் அஞ்சுவதைக் காணும்போது மக்களுக்கு இன்பம் இருமடங்காயிற்று. கேட்போன் மெய்ப்பாடு இல்லையேல் சொல்வோன் திறன் வெளிப்படாது என்பதை இக்காட்சி போலத் தெளிவாகக் காட்டுவன சிலவே.

இதனை இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) என ஸ்ரீதரே எடுத்தபோது, செல்லப்பாவின் இடத்தில் மெஹ்மூதும், தந்தையின் இடத்தில் ஓம் பிரகாஷும் நடித்தனர். மெஹ்மூதுக்கு இப்படம் நகைச்சுவை நடிப்புக்கான ஃபிலிம்ஃபேர் பரிசைப் பெற்றுத் தந்தது. மொழி மாறியும் காட்சியின் வலிமை குன்றவில்லை. அதன் வேர் சொல்விளையாட்டில் இல்லை. தந்தை–மகன் உறவின் நிலைமாற்றத்தில் உள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

பாட்டும் நகையும்

இசைப்படங்களில் பாட்டு, கதையை நிறுத்தி வைப்பதே பெரும்பான்மை. வேலை கேட்கும் பாடலோ கதையை நடத்துகிறது. ஊர்வலத்தின் முழக்கத்தையும், மேலைநாட்டு இசையின் துள்ளலையும் ஒன்றாக்கி, முதலாளியைப் பெயர் சொல்லி விளித்துப் பாடும் பாட்டு அது. மூத்தோரைப் பெயர் சொல்லி அழைத்தல் நம் வழக்கில் பிழை. அப்பிழையையே பாட்டின் எடுப்பாக அமைத்த துணிவில் எள்ளல் முழுமை பெறுகிறது. முதலாளியின் பெயரும் இசையமைப்பாளர் ஒருவரின் பெயரும் ஒன்றாயிருத்தல் கேட்போர்க்கு மற்றொரு நகையையும் தருகிறது.

பி. பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா, எல். ஆர். ஈசுவரி, சீர்காழி கோவிந்தராஜன், கே. ஜே. யேசுதாஸ் ஆகியோர் இப்படத்தில் பாடினர். மரபிசையில் தோய்ந்த சீர்காழியாரின் கம்பீரக் குரலை நகைப்பாடல் ஒன்றுக்குப் பயன்படுத்தியமை இசையமைப்பாளரின் நுண்மையைக் காட்டும். இவ்விரட்டையர் 1965-இல் பிரிந்தனர். ஆதலின் இப்படம் அவர்தம் கூட்டுழைப்பின் நிறைவுக் காலத்துக்குரியது.

திரைத்தொழிலைத் திரைப்படமே நகைத்தல் உலகில் வேறிடத்தும் உண்டு. ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் இயக்கிய ‘சிங்கின் இன் த ரெயின்’ என்னும் அமெரிக்க இசைப்படம் (1952), பேசாப்படம் பேசும்படமாக மாறிய காலத்தின் தடுமாற்றங்களை நகைப்பொருளாக்கியது. அப்படத்தில் நகைக்கப்படுவது வளர்ந்து பெருகிய ஒரு தொழில். செல்லப்பாவிடத்து நகைக்கப்படுவதோ, தொழிலாக அமையும் முன்பே ஓர் இளைஞனைப் பற்றிக்கொள்ளும் கனவு.

தொண்டை நாட்டில் நகை

செங்கற்பட்டுத் தோழர் இருவர் ஆக்கிய இந்நகைக்கு முன்னோடியாகக் கருதத்தக்க படைப்புகள் இந்நிலப்பகுதியில் உளவா என்னும் வினா எழுகிறது. நேரிய தொடர்ச்சி உண்டு என்று நிறுவுதல் இயலாது. நிறுவுதல் நம் நோக்கமும் அன்று. ஆயினும் ஒப்புமை கருதி இரண்டைக் காட்டலாம்.

முதலாவது, ‘மத்தவிலாசப் பிரகசனம்’. கி. பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டை மண்டலத்தை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய நகைநாடகம் இது. செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரையும், பல்லவபுரத்துக் குடைவரையும் இம்மன்னன் காலத்தவை. மத்தவிலாசன் என்பது அவன் விருதுப் பெயர்களுள் ஒன்று. 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாத்திரியார் இதனைப் பதிப்பித்தார். கேரளத்துக் கூடியாட்ட மரபில் இது மேடையேறி வந்துள்ளது.

காஞ்சி மாநகரில் கள்மயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தை இழக்கிறான். பௌத்தத் துறவியின்மேல் ஐயுறுகிறான். பாசுபதன் ஒருவன் வழக்கைத் தீர்க்க வருகிறான். ஈற்றில் கலத்தைக் கவர்ந்தது ஒரு நாய் என்பது தெரிகிறது. பித்தன் ஒருவனிடமிருந்து அது மீள்கிறது. நாடகத்தின் தோற்றுவாயில் சூத்திரதாரன் ஊடல் கொண்ட தன் மூத்த மனைவியை ஆற்றுவதாகக் காட்டி, கூத்துத் தொழிலையும் அரசகவி நகைக்கிறான்.

இதிலும் கொடியோர் இல்லை. குற்றம் செய்தது நாய். நாயைத் தண்டிப்பார் யார்? மாந்தர் எல்லோரும் நகைக்கப்படுகின்றனர், ஒருவரும் வெளியேற்றப்படுவதில்லை. பகை முற்றும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் இணக்கம் பிறக்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் தோன்றிய படத்திலும் இதே அமைப்பு உள்ளது. இரண்டிலும் கலைத்தொழில் தன்னைத்தானே நகைத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம். கடற்கரைக்கு அண்மையில் உள்ள இச்சிற்பத்தொகுதியின் மேற்பகுதியில் ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் கூப்பித் தவஞ்செய்யும் முனிவன் ஒருவன் உள்ளான். கீழே யானைகளின் அண்மையில், அதே நிலையில் நின்று தவஞ்செய்கிறது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள். மகாபாரதத்தில் வரும் பொய்த்தவப் பூனையின் கதையை இது நினைவூட்டும். நம் பேச்சுவழக்கில் உருத்திராட்சப் பூனை என்பதும் இத்தகையோரையே.

சிற்பி, மெய்த்தவத்தையும் பொய்த்தவத்தையும் ஒரே பாறையில் செதுக்கினான். பூனையைக் கண்டு நகைப்பவன் உடனே நிமிர்ந்து முனிவனைக் காண்கிறான். இரண்டின் நிலையும் ஒன்றாயிருத்தலை உணர்கிறான். வாசுவின் வேடமும் இத்தகையதே. அவன் புனைவது வெறும் முதுமை அன்று; செல்வர்க்குரிய செருக்கும் நடையும் பேச்சும் அவ்வேடத்தில் அடங்கும். போலிச் செல்வரைக் கண்டு நகைக்கும் நாம், அருகில் அமர்ந்திருக்கும் மெய்ச்செல்வரின் செருக்கும் அதே தன்மையது என்பதை அறிகிறோம். போலியைக் காட்டி மெய்யை அளத்தல் இரண்டுக்கும் பொதுமுறை.

தடையும் விடையும்

ஈண்டுத் தடைகள் இரண்டு எழுதல் கூடும். மக்கள் விரும்புவது படத்தை அன்று, அதனைக் கண்ட தம் இளமையையே என்பது முதல் தடை. ஓரளவு இஃது உண்மையே. 1964-இல் பதினைந்து வயதினராய்ப் படத்தைக் கண்டோர்க்கு 2024-இல் எழுபத்தைந்து வயது. அவர் நினைவில் இளமையும் படமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்திருத்தல் இயல்பு. ஆயினும், படம் வெளிவந்தபோது பிறவாதவரும் அக்காட்சிகளை நடித்துக் காட்டுகின்றனர். தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’ (1965), கன்னடத்தில் ‘பிரீத்தி மாடு தமாஷே நோடு’ (1979), மராத்தியில் ‘தூம் தடாக்கா’ (1985) எனப் பிறமொழியாளரும் இக்கதையை ஏற்றனர். 2025-இல் வெளிவந்த, கதையால் வேறான ஒரு தமிழ்ப்படமும் இப்பெயரையே சூடிக்கொண்டது. இளமை நினைவு ஒன்றே காரணமாயின் இவை நிகழ்ந்திரா.

இரண்டாவது தடை சற்று வலியது. பொருளாசையை நகைக்கும் படம், ஈற்றில் காதலர் அனைவரையும் பொருள் படைத்த வீட்டோடே சேர்த்துவைக்கிறது. தந்தையின் அதிகாரத்தை நகைத்தும் அவ்வதிகாரத்தின் இசைவையே நாடி நிற்கிறது. ஆகவே இந்நகை எதனையும் மாற்றவில்லை என்பது அது. இதனை முற்றும் மறுத்தல் இயலாது. பெண்கள் இருவரும் கதையின் தொடக்கத்தில் காட்டும் சுதந்திரம் பின்னர்ச் சுருங்கிவிடுவதும் உண்மை.

எனினும் இந்நகையின் பயன் வேறிடத்தில் உள்ளது எனக் கருதுகிறேன். அந்நாளில் குடும்பம் குடும்பமாகவே படம் காணச் சென்றனர். தந்தையின் எதிரில் உரக்கப் பேசுதலும் தகாது எனக் கருதப்பட்ட இல்லங்கள் பல. அத்தகைய இல்லத்துத் தந்தையும் மக்களும் அடுத்தடுத்து அமர்ந்து, திரையில் ஒரு தந்தை அஞ்சி நடுங்குவதைக் கண்டு ஒருங்கே நகைத்தனர். தந்தை இழிவுபடுத்தப்படவில்லை, அவர்தம் அச்சமும் ஆசையும் மனிதர்க்கு இயல்பானவை எனக் காட்டப்பட்டன. விஸ்வநாதனை வெறுத்து அரங்கை விட்டு வெளியேறியவர் யாரும் இரார். அதிகாரத்தை நகைத்தும், அதிகாரமுடையவரை அன்பினின்று விலக்காமை இந்நகையின் பண்பு. முதியோர் தம் மக்களுக்கு இக்காட்சியை விருப்புடன் நடித்துக் காட்டுவதும் இதனாற்போலும். தாம் தந்தையாகியபின் அவர்கள் செல்லப்பாவாகவும் விஸ்வநாதனாகவும் தம்மையே காண்கின்றனர்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ‘காதலிக்க நேரமில்லை’யின் நகை கதையினின்று பிரிக்கவொண்ணாதது. தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களங்களும் அதன் மாந்தரிடம் பகிர்ந்து அமைந்துள்ளன. மக்கள் நினைவில் அதன் நடுவிடம் காதலர்க்கு அன்று, தந்தைக்கே உரியது. பகைவரின்றி நகை விளைக்கும் முறை, மகேந்திரவர்மனின் நாடகத்தோடு ஒப்பிடத்தக்கது.

இனிச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இப்படத்தை ஆக்கியோருள் பலர் இன்று இல்லை. பாலையா 1972-இலும், முத்துராமனும் கண்ணதாசனும் 1981-இலும், ஸ்ரீதர் 2008-இலும், நாகேஷ் 2009-இலும், ரவிச்சந்திரன் 2011-இலும், ராமமூர்த்தி 2013-இலும், வின்சென்டும் விஸ்வநாதனும் 2015-இலும் மறைந்தனர். படம் உள்ளது, அது மீண்டும் மீண்டும் காணக் கிடைக்கும். ஆனால் முதன்முறை கண்டோரின் நினைவு அத்தகையதன்று; அவர்களோடு அதுவும் மறையும். எந்த அரங்கில், எவரோடு அமர்ந்து கண்டனர், எவ்விடத்தில் அரங்கம் நகைத்தது, வீடு திரும்பியபின் எவ்வுரையாடலை நடித்துப் பார்த்தனர் என்பன படச்சுருளில் பதியப்படாத செய்திகள்.

செங்கற்பட்டு, மதுராந்தகம், மாமல்லபுரம் வட்டாரத்து மூத்தோரிடம் இவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் முதுகலை மாணவர்க்கு அரிய ஆய்வுப்பணியாக அமையும். அவர்கள் வாயில் வழங்கும் உரையாடலைப் படத்தின் உரையாடலோடு ஒப்பிட்டால், சொல் மாறிய இடங்களும், புதிதாகச் சேர்ந்த இடங்களும், நழுவிப்போன இடங்களும் தெரியவரும். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு காணப் பழகிய தமிழ்த்துறைக்கு இம்முறை புதிதன்று. அப்பணி விரைந்து தொடங்கப்படின், மக்கள் எதனைக் கண்டு நகைத்தனர், ஏன் நகைத்தனர் என்னும் வினாவுக்கு அவர்தம் வாய்ச்சொல்லாலேயே விடை கிட்டும்.